மார்ச்சுவரியில் குத்திய ஊசி – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

எனக்கு ஊர் களியக்காவிளை. அண்ணனுக்குக் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி மார்ச்சுவரியில் காண்ட்ராக்ட் வேலை. நேற்று உடலைத் தைத்து மூடும்போது ஊசி கிளவுஸைத் துளைத்து விரலில் ஏறிவிட்டது. கழுவிவிட்டு அடுத்த உடலைப் பார்க்கப் போய்விட்டார். "செத்த உடம்புல இருந்து என்னடே ஒட்டப்போவுது" என்கிறார். மேலே சொன்னால் வேலை போய்விடும் என்ற பயமும் இருக்கிறது. நான் பயப்படுவது சரியா?

அன்புள்ள தம்பி,

காத்திருக்கிற விஷயமில்லை என்பதால் அன்று ராத்திரியே உங்களுக்குத் தனியாகப் பதில் போட்டேன். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் கொடுக்க மாட்டார்கள், ஆரம்பித்தால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். மறுநாள் காலையிலேயே அண்ணன் டாக்டரிடம் போய்விட்டார் என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இது மற்றவர்களுக்காகவும் எழுதுவது.

ஆள் செத்தால் கிருமியும் செத்துவிடும் என்று அண்ணன் மட்டும் நம்பவில்லை, ரொம்பப் பேர் நம்புகிறார்கள். குளிர்பெட்டியில் வைத்த உடலில் எச்.ஐ.வி. இரண்டு வாரம்வரை உயிரோடு இருந்திருக்கிறது, மஞ்சள் காமாலை 'பி' வைரஸ் காய்ந்த ரத்தக் கறையிலேயே ஒரு வாரம் கிடக்கும். நோயுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தொற்ற ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு. தடுப்பூசி போடாதவருக்குக் காமாலை 'பி' தொற்ற நூற்றில் முப்பது வரை. நாம் பயப்படுவது முதலாவதைப் பார்த்து, கொல்லக் காத்திருப்பது இரண்டாவது. அதற்குத்தான் தடுப்பூசி இருக்கிறது: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. முதல் ஊசியோடு நிறுத்திவிட்டவர்களை எனக்கே தெரியும்.

அப்புறம், வார்டில் இருக்கும் நோயாளிக்குக் கேஸ் ஷீட் உண்டு. ஹைவேயில் லாரி அடித்துப் போட்டவருக்கு எது உண்டு? நம் எல்லைப் பக்கம் பேரே தெரியாமல் வரும் உடல்கள் எத்தனை! அவருக்குக் காசநோய் இருந்ததா என்று யாருக்கும் தெரியாது, மண்டையோட்டை மின்ரம்பத்தால் அறுக்கும்போது எழும் தூளைத்தான் பக்கத்தில் நிற்பவர் மூச்சில் இழுக்கிறார். அதனால் வருகிற ஒவ்வொரு உடலையும் நோயுள்ள உடலாகவே நினைத்து என்95 மாஸ்க், கண்ணாடி, இரட்டைக் கையுறை போட வேண்டும். அறுத்த விலா எலும்பு முனையும் கத்திபோலக் கிழிக்கும், மேலே தடித்த துணி போட்டுவிட்டுத்தான் உள்ளே கை விட வேண்டும்.

சித்தப்பாவின் உடலை வாங்க ஒரு மார்ச்சுவரி வாசலில் நின்றபோது பார்த்தேன். உள்ளேயிருந்து வந்த ஊழியர் ரத்தம் பட்ட கிளவுஸைக் கழற்றாமலே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பேசினார். அதே போன் சாயங்காலம் அவர் குழந்தை கைக்குப் போயிருக்கும். கிளவுஸ் அவர் கையைக் காப்பாற்றியது, வீட்டை இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவருக்கு யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருந்தால்தானே?

படித்தவர்களும் தப்பியதில்லை. வியன்னாவில் தடயவியல் மருத்துவப் பேராசிரியர் கொலெச்கா 1847இல் பிணப் பரிசோதனையில் மாணவர் கையிலிருந்த கத்தி விரலில் பட்டு இறந்தார். அந்தச் சாவைப் பார்த்துத்தான் அவருடைய நண்பர் செம்மல்வைஸ் டாக்டர்களைக் கை கழுவ வைத்தார்.

வேலை போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் காயத்தைத் தேதியோடு எழுத்தில் கொடுத்து, ஒரு நகலில் கையெழுத்து வாங்கிவைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு ஏதாவது வந்தால் அந்தத் தாள்தான் அவருக்குச் சாட்சி. டாக்டர் சொல்கிற தேதிகளில் மறுபடி ரத்தப் பரிசோதனை உண்டு, அதெல்லாம் முடிகிறவரை ஆணுறை வேண்டும், ரத்ததானம் கூடாது. இதை அண்ணியிடம் அண்ணனே சொல்லட்டும். அவரால் முடியாவிட்டால் நீங்கள் கூட உட்காருங்கள்.