ஹாஸ்கெல் என்ற ஃபங்ஷனல் புரோகிராமிங் மொழியைக் கற்க அதன் ஜிஎச்சிஐ இன்டர்பிரெட்டர் (கோடை எழுதியதுமே ஓட்டிக் காட்டும் கருவி) போதுமா, கம்பைல் செய்துதான் (முழுக் கோடையும் முன்கூட்டியே மெஷின் கோடாக மாற்றித்தான்) பழக வேண்டுமா?

கோட் எழுதும்போது இன்டர்பிரெட்டரிலேயே இருங்கள். வேகத்தையும் மெமரியையும் பார்க்க வேண்டும் என்றால் கம்பைல் செய்துவிட்டுப் பாருங்கள். ஹாஸ்கெலைப் பொறுத்தவரை இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பைத்தானிலிருந்து வரும் பலருக்கு, இன்டர்பிரெட்டர் என்றால் டைப் தவறுகள் ஓடும்போதுதான் வெளியே வரும் என்ற பயம் இருக்கிறது. ஜிஎச்சிஐ அப்படிப்பட்டது அல்ல. ஹாஸ்கெலின் ஜிஎச்சி கம்பைலரில் நடக்கும் அதே டைப் சோதனை இங்கேயும் முழுதாக நடக்கும். அதன் பிறகு மெஷின் கோடுக்குப் பதில் பைட்கோடாக (மெஷின் நேரடியாக ஓட்டாத இடைநிலைக் கோடாக) மாற்றி ஓட்டுகிறது, அவ்வளவுதான். ஃபைலைத் திருத்திச் சேமித்துவிட்டு கோலன் ஆர் (:r) அடித்தால் உடனே மறுபடி லோட் ஆகிவிடும். என்ன எழுதுவது என்று தெரியாத இடத்தில் ஒரு அண்டர்ஸ்கோர் போட்டுப் பாருங்கள். அங்கே எந்த டைப் வர வேண்டும் என்பதை அதுவே சொல்லும், பொருந்தக்கூடிய ஃபங்ஷன்களின் பெயரையும் காட்டும். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது கஷ்டம்.

சிக்கல் வருவது மெமரியில்தான். ஹாஸ்கெல் லேசி மொழி, அதாவது ஒரு மதிப்பு தேவைப்படும் வரை அதைக் கணக்கிடாது. ஒன்று முதல் ஒரு கோடி வரையுள்ள எண்களை ஃபோல்ட்எல் (foldl, பட்டியலை இடமிருந்து ஒவ்வொன்றாகச் சேர்க்கும் ஃபங்ஷன்) போட்டு ஜிஎச்சிஐ-யில் கூட்டிப் பாருங்கள். 0 கூட்டல் 1, அதோடு கூட்டல் 2, அதோடு கூட்டல் 3 என்று, எதையும் கணக்கிடாமல் 'பிறகு கணக்கிட வேண்டியவை' அடுக்கடுக்காகச் சேர்ந்துகொண்டே போகும், மெமரியும் அதோடு ஏறும். அதே வரியை ஆப்டிமைசேஷனோடு (கம்பைலரே கோடைச் செம்மைப்படுத்தும் வசதியோடு) கம்பைல் செய்தால், இந்தக் கூட்டுத்தொகை எப்படியும் தேவைப்படும் என்பதைக் கம்பைலர் கண்டுபிடித்து, ஒவ்வொரு படியிலும் உடனுக்குடன் கூட்டிவிடும். அடுக்கே உருவாகாது. அதனால் ஜிஎச்சிஐ-யில் ஒரு புரோகிராம் திணறுவதை வைத்து, 'ஹாஸ்கெல் இவ்வளவுதான்' என்று முடிவுகட்டுவது அந்த மொழிக்குச் செய்யும் அநியாயம்.

எல்லா ஃபங்ஷனல் மொழியிலும் இந்தக் கேள்வி இப்படியே எழாது. ஓகேமல் என்ற மொழி லேசி அல்ல. பைட்கோடுக்கு ஓகேமல்சி, நேட்டிவ் கோடுக்கு ஓகேமல்ஆப்ட் என இரண்டு கம்பைலர்களைத் தருகிறது, அங்கே முக்கிய வித்தியாசம் வேகம்தான். காமன் லிஸ்ப் மொழியின் எஸ்பிசிஎல் என்ற கம்பைலரில் நீங்கள் டைப் செய்யும் ஒவ்வொரு வரியும் அப்போதே மெஷின் கோடாகிவிடுவதால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. லிஸ்ப் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்வு ஒன்று உண்டு: 1962-இல் எம்ஐடி-யில் டிம் ஹார்ட்டும் மைக் லெவினும் லிஸ்பிலேயே ஒரு கம்பைலர் எழுதி, அதை இன்டர்பிரெட்டரில் ஓடவிட்டு, அந்தக் கம்பைலரைக்கொண்டே அந்தக் கம்பைலரைக் கம்பைல் செய்தார்கள். இன்டர்பிரெட்டரும் கம்பைலரும் எதிரெதிர்க் கட்சிகள் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

கடைசியாக, பலர் தவறவிடும் ஒன்று. ஜிஎச்சி-யை வெறுமனே கூப்பிட்டால் ஆப்டிமைசேஷன் இல்லாமல்தான் கம்பைல் செய்யும். மைனஸ் ஓ (-O) சேர்க்க வேண்டும். ஹாஸ்கெலின் பில்ட் கருவியான கபால் வழியாக பில்ட் செய்தால் அது தானாகவே சேர்ந்துவிடும். ஃபோல்ட்எல் இருக்கும் இடத்தில் முடிந்தவரை ஃபோல்ட்எல் பிரைம் (foldl', ஒவ்வொரு படியிலும் உடனே கணக்கிடும் வகை) எழுதுங்கள், ஆப்டிமைசரை நம்பியிருக்க வேண்டாம். ஜிஎச்சி 9.10 முதல் அதற்குத் தனியாக இம்போர்ட்கூடத் தேவையில்லை.