உப்புக் கரைசலில் இழையின் மின்தடை நிலைகொள்ளாமை
வணக்கம். ஒரே செறிவுள்ள சோடியம் குளோரைடு கரைசலில் அமிழ்த்தும் ஒவ்வொரு முறையும் தங்கள் செல்லுலோஸ் (தாவர நார்ப்பொருள்) - கார்பன் நானோகுழாய் (மின்சாரம் கடத்தும் மிக நுண்ணிய கார்பன் குழாய்) இழை வேறு மின்தடையைக் காட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். 7 விழுக்காடு சோடியம் ஹைட்ராக்சைடும் 12 விழுக்காடு யூரியாவும் கலந்த குளிர்நீரில் செல்லுலோஸைக் கரைத்து நூற்றதாகச் சொல்வதால், இழையில் எஞ்சிய காரம் (சோடியம் ஹைட்ராக்சைடு) கசிகிறதா என்று முதலில் பாருங்கள். கழுவிய நீரின் கடத்துதிறன் புதிய வாலைவடிநீரின் அளவுக்கு இறங்கும்வரை கழுவ வேண்டும். அதைவிட முக்கியமானது, செல்லுலோஸ் நீரை உறிஞ்சி வீங்கும்போது நானோகுழாய்களுக்கிடையேயான தொடுகைகள் விலகி மின்தடை உயர்வதாகும். ஆகவே உலர்ந்த இழையின் மதிப்பை விடுத்து, தூய நீரில் ஊறி நிலைகொண்ட பின் கிடைக்கும் மதிப்பையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். மல்டிமீட்டரின் நேர்திசை மின்னோட்டம் முனைவாக்கத்தை (மின்முனைகளில் அயனிகள் குவிந்து அளவீட்டைப் பிறழச்செய்வதை) உண்டாக்கும் என்பதால், குறைந்த மின்னழுத்த மாறுதிசை மின்னோட்டத்தில் அளப்பது நல்லது. வெள்ளிப் பசை பூசிய முனைகளை (பலரும் மறப்பது இதைத்தான்) எபாக்சி என்னும் இறுகும் பிசினால் மூடிவிடுங்கள். குளோரைடு பட்டால் அங்கே சில்வர் குளோரைடு உருவாகக்கூடும்.