மெஷின் தாளமும் ஒரு மனுஷன் காலும்

இசைக் கேள்வி பதில். பதில் சொல்பவர், தருமபுரியில் மெல்லிசைக் குழு நடத்தும் கீபோர்டு கலைஞர்.

கேள்வி: அண்ணா, நான் கல்யாண ரிசப்ஷன்களில் ரிதம் பேட் வாசிக்கிறேன். இன்றைக்கு நாம் போடுகிற லூப் (திரும்பத் திரும்ப ஓடும் தாளத் துண்டு), டெக்னோ (மெஷினில் செய்யும் நடன இசை) எல்லாவற்றுக்கும் 1977-இல் வந்த ஒரு டிஸ்கோ பாட்டுதான் ஆரம்பம் என்று எங்கள் குழுவில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். நிஜமா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: பெருமளவு நிஜம்தான் தம்பி. அவர் சொல்வது டோனா சம்மர் பாடிய 'ஐ ஃபீல் லவ்'. அதற்கு முன்பே ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு மெஷின் இசையில் பெரிய வேலை செய்திருக்கிறது, அதை மறக்கக் கூடாது. ஆனால் மெஷின் ஓட்டத்தை வைத்தே ஒரு கூட்டத்தை ஆட வைத்து, நாடு நாடாகப் போய்ச் சேர்ந்தது இந்தப் பாட்டு.

மியூனிக் நகரத்து மியூசிக்லேண்ட் ஸ்டூடியோவில் ஜார்ஜியோ மொரோடர், பீட் பெலாட் இருவரும் தயாரித்தார்கள். இந்தப் பாட்டு வந்த ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டும் ஒரு காலகட்டத்தின் பாணி. கடைசிப் பாட்டான இது எதிர்காலத்துக்கு. அந்த நாளில் டிஸ்கோ என்றால் வயலின், டிரம்பெட், பேஸ் கிட்டார் என்று ஸ்டூடியோ நிறைய ஆள் இருக்கும். இவர்கள் அத்தனை பேரையும் விட்டுவிட்டு மின்சாரத்தில் ஒலி உண்டாக்கும் மோக் மாடுலர் சின்தசைஸரைக் கையில் எடுத்தார்கள்.

நாம் கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினால் ஸ்டைல், அதாவது பின்னணித் தாளம், தானாக ஓடும். மோக் அப்படிப்பட்ட சாதனம் இல்லை, ஓட ஓட சுருதி நகர்ந்துவிடும். அதனால் இருபது, முப்பது விநாடி பதிவு செய்வது, நிறுத்துவது, சுருதி சேர்ப்பது, மறுபடி தொடர்வது என்றே வேலை நடந்திருக்கிறது. அப்படித் துண்டு துண்டாகப் பதிந்தால் தாளம் எப்படி ஒட்டும்? அங்கேதான் ராபி வெடல் என்ற இன்ஜினியர் வருகிறார். 16 டிராக் டேப்பில் ஒரு டிராக்கை ஒதுக்கி, அதில் தாளத் துடிப்பை மட்டும் பதிந்தார். எங்கே நிறுத்தி எங்கே தொடர்ந்தாலும் அடுத்த பதிவு அந்தத் துடிப்போடு பூட்டிக்கொண்டது. டோனா, மொரோடர் பெயர்களைச் சொல்கிற எல்லோரும் இவர் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

ஹைஹேட் (காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பல்) மாதிரி கேட்கிற 'ட்ஸ்' சத்தமும் மோக்கில் எடுத்ததே. கிக், அதாவது பேஸ் டிரம் அடி மட்டும் சரிப்படவில்லை. மெஷினில் எடுத்த கிக் நெஞ்சில் இடிக்காததால், கீத் ஃபோர்சி என்ற டிரம்மர் உட்கார்ந்து பேஸ் டிரம்மைக் காலால் மிதித்தார். ரோல் இல்லை, சிம்பல் இல்லை, ஒரே சீரான மிதி. மேலே டோனாவின் குரல் அவசரமே இல்லாமல் நீண்டு மிதக்கிறது. பாஸ்டனில் தேவாலயத்தில் பாடிப் பழகிய குரல் அது. பாட்டில் வார்த்தைகளும் கொஞ்சம்தான். ஒரே அடி நிற்காமல் ஓடும்போது உடம்பு தானாக அதில் ஏறிக்கொள்ளும். மயானக்கொள்ளை அன்று காவேரிப்பட்டணத்தில் பம்பைக்காரர்கள் பக்கத்தில் நின்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் முதலில் இதை சிங்கிள் ரெக்கார்டின் பின்பக்கத்தில்தான் போட்டார்கள். பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடம். பெர்லினில் பாடகர் டேவிட் போவியிடம் இசைக் கலைஞர் பிரையன் ஈனோ இந்த ரெக்கார்டோடு ஓடி வந்து, கிளப் இசையை இது அடுத்த பதினைந்து வருஷத்துக்கு மாற்றிவிடும் என்றாராம். போவியே சொன்ன சம்பவம். அப்புறம் சான் பிரான்சிஸ்கோவில் பேட்ரிக் கௌலி இதைக் கால் மணி நேரத்துக்கு நீட்டி ரீமிக்ஸ் செய்தார். ஹவுஸ், டெக்னோ என்கிற கிளப் நடன இசை வகைகள் எல்லாம் இந்த வழியில் வந்தவை. நம் பக்கம் 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு பதிந்து வைத்த ஸ்வரங்களைத் தானாக வாசிக்கும் சீக்வென்சரை இளையராஜா பயன்படுத்தியபோது இந்த முறை தமிழ்க் காதுக்கும் பழகியது.

தம்பி, உங்களுக்கு ஒரு வேலை. அடுத்த ரிகர்சலில் ஒரு பாட்டு முழுக்க கிக்கை மட்டும் வாசியுங்கள். கை துறுதுறுக்கும், ரோல் போடாதீர்கள். பாடுகிறவருக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: அந்தப் பாட்டை மொபைலில் கேட்டேன். பெரிதாக ஒன்றும் தெரியவில்லையே?
- வாசகி, அரூர்

பதில்: மொபைல் ஸ்பீக்கரில் தெரியாதம்மா. இயர்போன் போட்டுக் கேளுங்கள். பேஸ் வரியை (அடியில் ஓடும் கனத்த ஸ்வர வரிசை) வாசித்து, அதன் மேல் டிலே (சத்தத்தைச் சற்றுத் தாமதித்துத் திரும்ப ஒலிக்க வைப்பது) போட்டிருக்கிறார்கள். ஒரு காதில் மூல அடி, மறு காதில் அதன் எதிரொலி. ஒரு பக்கத்தைக் கழற்றிப் பாருங்கள், வரி பாதியாக இளைத்துவிடும். திரும்ப மாட்டினால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுவது போல இருக்கும். அந்தப் படபடப்பு முழுக்க டிலே செய்த வேலை.

கேள்வி: டிஸ்கோவில் நம் பக்கத்து ஆள் யாராவது உண்டா?
- வாசகர், ஓசூர்

பதில்: உங்களுக்கு ரொம்பப் பக்கம். பெங்களூரில் பிறந்து வளர்ந்து லண்டன் போன பித்து என்ற இசையமைப்பாளர். 1974-இல் கார்ல் டக்ளஸ் பாடி, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்த 'குங் ஃபூ ஃபைட்டிங்' அவர் தயாரிப்பு. பின்பக்கத்துக்கென்று கடைசி நேரத்தில் அவசரமாகப் பதிவு செய்த பாட்டு. 1980-இல் 'குர்பானி' படத்தில் பதினைந்து வயது நாஸியா ஹசனைப் பாட வைத்தவரும் அவர்தான்.