ஐரோப்பாவின் ஹார்மோனிக் வரம்பு அமலானது 1998-இலா, 2001-இலா, 2004-இலா?

மின்சாதனங்களுக்கான ஹார்மோனிக் (மின்சாரத்தின் அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளில் எழும் தேவையற்ற மின்னோட்டம்) வரம்பு ஐரோப்பாவில் எப்போது அமலுக்கு வந்தது என்று தேடியதில் மூன்று இடங்களில் மூன்று ஆண்டுகள் கிடைத்ததாகவும், எதை நம்புவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுமே சரியானவைதான், ஆனால் ஒவ்வொன்றும் வேறொன்றின் தேதி.

அங்கே சட்டமாக நிற்பது மின்காந்த இணக்கம் பற்றிய நெறியாணை. அது 1996 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. இஎன் (EN, ஐரோப்பியத் தரநிலை) 61000-3-2 என்பது அந்த நெறியாணைக்குப் பொருந்துவதைக் காட்ட உதவும் தரநிலை. ஒரு கட்டத்துக்கு (ஃபேஸ்) 16 ஆம்பியர் வரை மின்னோட்டம் எடுக்கும் சாதனங்களுக்கு அது பொருந்தும். பெயரோடு ஒட்டியிருக்கும் 1995, அது வெளியான ஆண்டு மட்டுமே. பழைய தரநிலையான இஎன் 60555-2 எந்த நாளோடு விலக்கிக்கொள்ளப்படுகிறதோ, அந்த நாளில்தான் புதியது உண்மையில் கட்டுப்படுத்தத் தொடங்கும். அந்த நாளாக முதலில் பேசப்பட்டது 1998 ஜூன் 1. தொழில்துறையின் எதிர்ப்புக்குப் பிறகு அது 2001 ஜனவரி 1-க்குத் தள்ளிப்போனது. ஒற்றைத் தேதிதான் வேண்டும் என்றால் 2001-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள்.

2004 எங்கிருந்து வந்தது என்பது இன்னும் சுவையான கதை. எஸ்எம்பிஎஸ் (கணினி போன்றவற்றில் உள்ள ஸ்விட்ச் முறை மின்வழங்கி) வடிவமைப்பில் இருந்தவன் என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ரெக்டிஃபயரும் அதற்குப் பின் பெரிய கெப்பாசிட்டரும் கொண்ட மின்வழங்கி, மின்னழுத்தம் உச்சியைத் தொடும் சிறு நேரத்தில் மட்டும் மின்னோட்டத்தை வெடுக்கென்று இழுக்கும். 1995-ஆம் ஆண்டுத் தரநிலை இத்தகைய அலைவடிவத்துக்கு ஒரு சட்டகம் வரைந்தது: நடு மூன்றில் ஒரு பங்கு முழு உயரம், இருபுறமும் 35 விழுக்காடு உயரம். ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் 95 விழுக்காட்டு நேரமாவது அலை இதற்குள் அடங்கினால் சாதனம் கடுமையான டி வகுப்பு. இல்லையென்றால் தளர்வான ஏ வகுப்பு.

230 வோல்ட்டில் 300 வாட் எடுக்கும் கணினியைப் பாருங்கள். டி வகுப்பில் மூன்றாம் ஹார்மோனிக்குக்கு வாட்டுக்கு 3.4 மில்லிஆம்பியர், ஆக 1.02 ஆம்பியர், ஐந்தாவதற்கு வாட்டுக்கு 1.9 வீதம் 0.57 ஆம்பியர். திருத்தச் சுற்று (மின்னோட்ட அலைவடிவத்தைச் சீராக்கும் சுற்று) எதுவும் இல்லாத மின்வழங்கி மூன்றாவதில் விளிம்பில் தடுமாறி, ஐந்தாவதில் தெளிவாகத் தோற்றுவிடும். ஏ வகுப்பிலோ அதே வரம்புகள் 2.30, 1.14 ஆம்பியர், அதே பெட்டி சிரமமின்றித் தேறிவிடும். ஆகவே அலைவடிவத்தைச் சட்டகத்திலிருந்து சற்றே வெளியே நீட்டி ஏ வகுப்புக்குத் தாவுவது எங்களுக்கு ஒரு கலையாகவே ஆகிவிட்டது. கட்டடத்தில் உள்ள நியூட்ரல் கம்பிக்கு, மூன்று ஃபேஸ்களிலிருந்தும் அதில் வந்து ஒன்று சேரும் மூன்றாம் ஹார்மோனிக்கைச் சுமப்பதில் இதனால் எந்த நிம்மதியும் கிடைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தரநிலைக்கு 2000-இல் வந்த ஏ14 என்ற திருத்தம் சட்டகத்தையே எடுத்துவிட்டு, கணினி, மானிட்டர், தொலைக்காட்சி எனப் பெயர் சொல்லியே டி வகுப்பை வரையறுத்தது. 75 வாட்டுக்கு மேல் 600 வாட் வரை. 2001 ஜனவரி முதல் 2003 டிசம்பர் வரை பழைய வரையறை, ஏ14 இரண்டில் எதையும் தேர்ந்துகொள்ளலாம். 2004 ஜனவரி 1 முதல் ஏ14 மட்டுமே. என் கருத்தில், கணினி மின்வழங்கிகளில் திருத்தச் சுற்று தவிர்க்க முடியாததாக ஆனது இந்தத் தேதியோடுதான்.

பின்னாளில் வந்த பதிப்புகளுக்கும் இதே முறைதான்: பெயரிலுள்ள ஆண்டைப் பார்க்காமல், முந்தைய பதிப்பு விலக்கப்படும் நாளைப் பாருங்கள். அந்த நாளை ஒப்பிட வேண்டியது மாடல் வடிவமைக்கப்பட்ட தேதியோடு அல்ல. ஒவ்வொரு பெட்டியும் ஐரோப்பியச் சந்தையில் முதன்முதலாக வைக்கப்படும் தேதியோடு. பழைய சோதனை அறிக்கையைக் காட்டி, அதே மாடலைப் புதிதாக அனுப்பிக்கொண்டே இருக்க முடியாது.