பட்டுப்புடவையை வாடகைக்கு விடலாமா?

கேள்வி: என் கல்யாணத்துக்கு எடுத்த காஞ்சிபுரம் பட்டுகளில் ஒன்று 42,000 ரூபாய். நான்கு வருடத்தில் மூன்று முறைதான் கட்டியிருக்கிறேன். எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் புடவை, லெஹங்கா எல்லாவற்றையும் ஒருவருக்கொருவர் வாடகைக்கு விட்டுக்கொள்கிறார்கள். நானும் விடலாமா? எவ்வளவு கேட்பது?
(வாசகி, கோவை)

பதில்: விடலாம். பட்டுப்புடவையை இரவல் கொடுத்தவள் மணையையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே அலைந்தாளாம் என்று சொல்வார்கள். அந்த அலைச்சல் இல்லாமல் விடுவது எப்படி என்றுதான் பார்க்கவேண்டும்.

முதலில், எந்தப் புடவை? முகூர்த்தப் புடவை என்றால் வேண்டாம். அதில் ஒரு பொட்டு கறை பட்டாலும் எந்த டெபாசிட்டும் உங்கள் மனதை ஆற்றாது. ரிசப்ஷனுக்கோ நலங்குக்கோ எடுத்தது என்றால் தாராளமாக விடுங்கள். என்னைக் கேட்டால் ஒரு விசேஷத்துக்கு 2,000 முதல் 3,000 ரூபாய் வரை நியாயம். டிரை வாஷ், ரோல் பிரஸ் செலவு யாருடையது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். டெபாசிட் 10,000க்குக் குறைய வேண்டாம். தெரிந்தவர்தானே என்று டெபாசிட் வாங்காமல் கொடுத்துவிட்டுப் பிறகு லிஃப்ட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்வதை விட, முதலிலேயே கறாராக இருப்பது நட்புக்கு நல்லது.

கொடுக்கும்போது பகல் வெளிச்சத்தில், இருவரும் இருக்கும்போதே, புடவையை முழுவதும் பிரித்து ஒரு வீடியோ எடுங்கள். முந்தானை, இரண்டு பக்க பார்டர், தோளில் ஊக்கு குத்தும் இடம், ஃபால்ஸ் தைத்த அடிப்பகுதி எல்லாம் தெரியவேண்டும். பட்டு கிழிவது பெரும்பாலும் ஊக்கு குத்தும் இடத்தில்தான். ஊக்கில் ஒரு சின்ன மணியைக் கோத்துவிட்டுக் குத்தினால், துணி ஊக்கின் சுருளில் போய் மாட்டாது. ஃபால்ஸின் உள்பக்கம் வேறு நிற நூலில் இரண்டு தையல் போட்டு வைத்தால், போன புடவையேதான் திரும்பி வந்திருக்கிறதா என்ற சந்தேகமும் வராது.

கறைகளில் நான் பயப்படுவது பாயசத்துக்குத்தான். எண்ணெய்க் கறை கண்ணுக்குத் தெரியும், பெட்ரோல் வாஷில் போய்விடும். சர்க்கரைக் கறை அப்படியில்லை. காய்ந்தபின் ஒன்றும் தெரியாது, பெட்ரோல் வாஷிலும் கரையாது. அதன்மேல் சூடு பட்டதும் பழுப்பாகத் தலைகாட்டும். புடவை சுத்தமாகத்தானே வந்தது என்று டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள், மறுவாரம் ரோல் பிரஸ் போட்டு வாங்கும்போது கொசுவம் முழுக்கத் திட்டுத் திட்டாக நிற்கும். அதனால், எது சிந்தினாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், துடைக்கிறேன் என்று தேய்க்காதீர்கள், நீங்களாக அயர்ன் பண்ணாதீர்கள் என்று சொல்லிக் கொடுங்கள். இன்ன இடத்தில் பாயசம் சிந்தியது என்று வாஷ்காரரிடம் சொன்னால் அவர் அதற்குத் தனியாக வேலை பார்ப்பார்.

அசல் ஜரிகை என்றால் இன்னொன்றும் உண்டு. பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியதுதான் அசல் ஜரிகை. வியர்வையும் சென்ட்டும் பட்டால் கறுக்கும். சென்ட்டை அடித்துக் காயவிட்டு அப்புறம் புடவை கட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: நாத்தனார் கல்யாண ரிசப்ஷனுக்கு வாடகை லெஹங்கா எடுக்கலாம் என்றேன். ‘அடுத்தவர் உடுத்தியதையா?’ என்று மாமியார் முகம் சுளிக்கிறார். சுத்தத்தைப் பற்றியும் பயப்படுகிறார்.
(வாசகி, மதுரை)

பதில்: மாப்பிள்ளையின் கோட்டு சூட்டும், மணப்பெண்ணின் டெம்பிள் ஜுவல்லரி செட்டும் வாடகைக்கு வருவதை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பள்ளி ஆண்டுவிழாவுக்குப் பரதநாட்டிய உடுப்பு எங்கிருந்து வந்தது என்று மாமியாரிடமே கேட்டுப் பாருங்கள். பிரிட்டன் பிரதமராக இருந்த போரிஸ் ஜான்சன் 2021 மே மாதம் திருமணம் செய்துகொண்டபோது, மணப்பெண் கேரி உடுத்தியிருந்தது 45 பவுண்டு வாடகை கவுன். லண்டனில் 2019இல் எஷிதா கப்ரா-டேவிஸ் தொடங்கிய பை ரொட்டேஷன் ஆப்பில் ஒருவர் அலமாரியிலிருந்து இன்னொருவர் வீட்டுக்குத் துணி போய் வருகிறது. நம் ஊரில் அக்கா தங்கைகளுக்குள் காலம் காலமாக நடப்பதுதான், நடுவில் ஒரு ஆப் வந்திருக்கிறது.

சுத்தத்தைப் பற்றி அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பிளவுஸை மட்டும் சொந்தமாகத் தைத்துக்கொள்ளுங்கள். உடம்போடு ஒட்டுவதும், வியர்வை இறங்குவதும், அளவு சரியாக வராமல் படுத்துவதும் அதுதான். பாவாடையும் துப்பட்டாவும் வாடகைக்கு வரட்டும். வாஷ் பண்ணிய பில்லைக் காட்டச் சொல்லிக் கேட்பதிலும் தவறில்லை.

கேள்வி: ஒரு ஆப் மூலம் வேறொரு பெண்ணின் லெஹங்காவை என் தங்கைக்கு வாடகைக்கு எடுத்தோம். வாடகை 3,500, டெபாசிட் 8,000. திருப்பிக் கொடுத்து மூன்று நாள் கழித்து, பாவாடையின் கீழ் ஓரத்தில் கிழிசல் என்று சொல்லி டெபாசிட் முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள். எங்களிடம் வந்தபோதே அங்கே தையல் பிரிந்துதான் இருந்தது. ஆப்காரர்களைக் கேட்டால், ‘அது உங்கள் இருவருக்குள் பேசிக்கொள்ள வேண்டியது’ என்கிறார்கள்.
(வாசகர், சென்னை)

பதில்: அப்படிக் கைகழுவ முடியாது. அதற்குமுன் உங்கள் கையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்று பாருங்கள். வாங்கியபோது படம் எடுக்கவில்லை போலிருக்கிறது. பரவாயில்லை, ரிசப்ஷன் போட்டோகிராஃபரிடம் அன்றைய ஒரிஜினல் படங்களைக் கேளுங்கள். மேடை ஏறுமுன் எடுத்த முதல் பத்துப் படங்களில் பாவாடை ஓரம் தெரிந்தாலே போதும். அந்தப் படங்களில் நேரமும் பதிவாகியிருக்கும். என் அக்கா மகள் விஷயத்தில் ஒரு வாடகைக் கடைக்காரர் இதேபோல 1,500 ரூபாயைப் பிடித்துவிட்டார். ஆல்பத்தைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் பேச்சு மாறியது.

சட்டம் என்ன சொல்கிறது? பொருளை ஒருவரிடம் ஒப்படைத்துத் திரும்பப் பெறுவது பற்றி 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது. வாடகைக்கு எடுத்தவர் அந்தப் பொருளைத் தன் சொந்தப் பொருளைப் போல, சாதாரணமாக ஒரு பொறுப்பான ஆள் பார்த்துக்கொள்ளும் அளவுக்குப் பார்த்துக்கொண்டால் போதும் (பிரிவு 151). அப்படிப் பார்த்துக்கொண்டும் சேதமானால், தனி ஒப்பந்தம் எதுவும் இல்லாதவரை அவர் பொறுப்பில்லை (பிரிவு 152). ஆனால் சொன்ன தேதியில் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தால், அதற்குப்பின் என்ன ஆனாலும் எடுத்தவர் தலையில்தான் விடியும். நீங்கள் தேதி தவறவில்லையே?

அடுத்தது, டெபாசிட் 8,000 என்று எழுதியிருப்பதாலேயே 8,000மும் அவர்களுக்கு ஆகிவிடாது. ஒப்பந்தத்தில் அபராதமாக ஒரு தொகை குறித்திருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு. கீழ் ஓரத் தையலைச் சரிசெய்ய டெய்லர் என்ன வாங்குவார்? அதற்கான பில்லைக் கேளுங்கள். கிழிசல் உங்களால்தான் என்றே வைத்துக்கொண்டாலும், பேச்சு அந்தப் பில் தொகையிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

ஆப் கமிஷன் வாங்குகிறது, பணமும் அதன் வழியாகத்தான் போகிறது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி இத்தகைய தளத்துக்குக் குறைதீர்க்கும் அதிகாரி ஒருவர் இருந்தாகவேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் ‘கிடைத்தது’ என்று சொல்லவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். அவருக்குப் படங்களோடு மெயில் அனுப்புங்கள். சாட்டில் பேசியதை மட்டும் நம்பாதீர்கள், ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. ஆனால் அவ்வளவு நாள் விட்டால் போட்டோகிராஃபரே படங்களை அழித்திருப்பார்.

ஆப் இல்லாமல் வாட்ஸ்அப் குழுவில் எடுத்திருந்தால் பாதை வேறு. வியாபாரமாக இல்லாமல் எப்போதோ ஒருமுறை தன் உடையை விட்ட ஒருவரை நுகர்வோர் ஆணையத்துக்கு இழுப்பது கடினம். அப்படி வாடகைக்கு எடுத்து ஏமாந்தவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து, வழக்குக்குப் போகுமுன் சமரசம் பேசிப் பார்க்கலாம்.

கேள்வி: புதுத்துணி வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று கல்லூரியில் ஒரு கூட்டத்தில் பேசினார்கள். உண்மையா?
(மாணவி, திருப்பூர்)

பதில்: திருப்பூர்க்காரருக்கு சாயத்தைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக ஆனதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் உங்கள் வீட்டிலேயே கேட்டிருப்பீர்கள். நெய்யாத துணிக்குச் சாயம் போட வேண்டியதில்லை. அந்த அளவில் அவர்கள் பேசியது சரி.

ஆனால் வாடகை என்றாலே பசுமை என்று நம்பிவிடாதீர்கள். பின்லாந்து ஆய்வாளர்கள் 2021இல் ஜீன்ஸை எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டார்கள். அதிக நாள் போடுவது, பழசாக விற்பது, மறுசுழற்சிக்குக் கொடுப்பது, வாடகைக்கு எடுப்பது என்று ஒவ்வொன்றிலும் புவி வெப்பமாதல் எவ்வளவு என்று பார்த்ததில், தேயும்வரை நிறைய நாள் போடுவதில்தான் அது மிகக் குறைவு. வாடகை கடைசியில் போய் நின்றது. காரணம் ஜீன்ஸ் அல்ல, அதை எடுக்கவும் திருப்பிக் கொடுக்கவும் காரில் போய்வருவது. போக்குவரத்தில் கரியமில வாயுவைக் குறைத்தால் வாடகையின் கணக்கும் மேம்படும்.

தினமும் போடும் துணிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று நினைக்கிறேன். சுடிதாரையும் ஜீன்ஸையும் வாடகைக்கு எடுக்காதீர்கள், இருப்பதைக் கிழியும்வரை போடுங்கள். ஆயுளில் நான்கு முறை கட்டும் கல்யாண உடைக்கு விஷயம் வேறு. அதுவும் அடுத்த தெருவிலிருந்து ஸ்கூட்டியில் வந்தால்தான். மும்பையிலிருந்து கூரியரில் வந்து, பெட்ரோல் வாஷ் போட்டு, மறுபடி கூரியரில் போகிற லெஹங்காவுக்கு ‘பசுமை’ என்று ஸ்டிக்கர் ஒட்டினால் நான் நம்பமாட்டேன்.

கேள்வி: என் புடவைப் படத்தை ஒரு தளத்தில் போட்டேன். வெளியூர்க்காரர் ஒருவர் பேரம் பேசாமல் கேட்ட வாடகைக்கு ஒத்துக்கொண்டார். அட்வான்ஸ் அனுப்புவதாகச் சொல்லி ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் பண்ணி பின் நம்பரைப் போடச் சொல்கிறார். போடலாமா?
(வாசகி, திருச்சி)

பதில்: போடாதீர்கள். நமக்குப் பணம் வருவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின்னைப் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால், இதைப் படித்து முடிக்கக்கூட நிற்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் பண்ணுங்கள். அப்புறம், தளத்தில் போட்ட படத்தின் ஓரத்தில் உங்கள் வீட்டு வாசலும் கதவு எண்ணும் தெரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். தெரிந்தால் படத்தை மாற்றிவிடுங்கள்.