கட்டணக் குளத்தில் தூண்டில் போட்டும் மீன் சிக்கவில்லை: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: மார்ச் மாத ஞாயிறு ஒன்றில், கனகபுரா சாலையில் மாவட்ட எல்லை தாண்டியுள்ள ஒரு தனியார் மீன்குளத்துக்குக் குடும்பத்துடன் சென்றோம். “இன்று காலை புதிதாக மீன் விட்டிருக்கிறோம், தூண்டிலுக்கு 2 கிலோ உறுதி” என்று வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தை நம்பி, நான்கு தூண்டில்களுக்கு 3,200 ரூபாயும், பிணைத்தொகையாக 1,000 ரூபாயும் யுபிஐ வழியாகச் செலுத்தினோம். காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை காத்திருந்தும் இரண்டு சிறிய ஜிலேபிக் கெண்டைகளே கிடைத்தன. ஒரு வாடகைத் தூண்டிலின் நுனி ஒடிந்துவிட்டதென்று பிணைத்தொகை முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள், ரசீதும் தரவில்லை. கேட்டால், “பணம் திருப்பித் தரப்படாது” என்ற பலகையைக் காட்டுகிறார்கள். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, இராமமூர்த்தி நகர், பெங்களூரு

பதில்: மீன் சிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கட்டணத்தைத் திரும்பக் கேட்க இயலாது, கரையில் அமர்ந்து முயல்வதற்காகவே அதைச் செலுத்துகிறோம். ஆனால், தூண்டிலுக்கு 2 கிலோ என்று அளவு சொல்லி உறுதியளித்த பிறகு, அந்த உறுதி நீங்கள் வாங்கிய சேவையின் பகுதியாகிவிடுகிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைப் பிரிவு 2(28)இலும், முறையற்ற வணிக நடைமுறையைப் பிரிவு 2(47)இலும் விளக்குகிறது. சேவைக்கு ரசீது தராமல் இருப்பதும் பிரிவு 2(47)க்குள் அடங்கும். குளக்கரையில் நட்ட பலகை, விளம்பரத்தில் சொன்னதைச் சொல்லாததாக்கிவிடாது.

“இன்று காலை விட்ட மீன்” என்ற சொல்லைக் கேட்டு மகிழ வேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். வண்டியில் வரும்போது கழிவால் தண்ணீர் கெட்டுவிடாமலிருக்க மீன்களை முன்கூட்டியே பட்டினி போட்டு ஏற்றுவது வழக்கம். அலைக்கழிந்து வந்த கெண்டை, புதிய நீரின் வெப்பத்துக்கும் தன்மைக்கும் பழகும் வரை பெரும்பாலும் இரையைத் தொடாது. மேலும், பெங்களூரின் பகல் வெப்பம் 32, 33 டிகிரியைத் தொடும் மார்ச் மாதத்தில், விடியலும் மாலையுமே தூண்டிலுக்கு உகந்த வேளைகள். உங்களுக்கு விற்கப்பட்டதோ நடுப்பகல். குளத்தில் எந்த மீன் உள்ளது என்பதும் முக்கியம். கட்லா நீரின் மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்பது, ரோகு நடுமட்டத்தில் மேய்வது, மிர்காலும் சாதாக் கெண்டையும் அடிமட்டத்தில் இரை தேடுபவை. கட்லா நிறைந்த குளத்தில் மண்புழுவைக் கொடுத்து ஈயத்தோடு அடியில் இறக்கச் சொன்னால் நாள் முழுவதும் தக்கை அசையாமலே இருக்கக்கூடும். குளம் நடத்துபவருக்கு இவையெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தே 2 கிலோ உறுதி என்று எழுதியிருந்தால் அது கடுமையான தவறு என்பதே என் கருத்து.

பிணைத்தொகை விஷயத்தில் உங்கள் பக்கம் இன்னும் வலுவாக உள்ளது. ஒடிந்த நுனியைப் பழுதுபார்க்க அல்லது மாற்ற ஆகும் செலவை மட்டுமே கழிக்கலாம் என்று எழுதிக் கேளுங்கள். முதலில் விளம்பரத்தின் திரைப்பதிவு, யுபிஐ சான்று, ஒடிந்த தூண்டிலின் படம் இருந்தால் அது, ஆகியவற்றை இணைத்து, பிணைத்தொகையின் மீதியையும் கட்டணத்தில் நியாயமான ஒரு பகுதியையும் 15 நாட்களுக்குள் தருமாறு உரிமையாளருக்குக் கடிதமும் மின்னஞ்சலும் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகாரைப் பதியலாம். அதற்கும் பலனில்லையெனில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. குளம் வேறு மாவட்டத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் பெங்களூரிலேயே வழக்குத் தொடரச் சட்டம் இடமளிக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் வழக்கைத் தாக்கல் செய்யக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். முழுத்தொகையும் கிடைக்கும் என்று நான் நம்பிக்கையூட்ட மாட்டேன். நீங்கள் ஆறு மணி நேரம் குளத்தைப் பயன்படுத்தியதை ஆணையமும் கணக்கில் கொள்ளும்.

கேள்வி: அதே குளத்தில், பிடித்த மீனையும் கிலோ 350 ரூபாய்க்கு வாங்கியே ஆக வேண்டும் என்றார்கள். சந்தையில் விலை குறைவுதானே? அடுத்த முறை சொந்தத் தூண்டில் கொண்டுபோகலாமா?

பதில்: முன்பே பலகையில் எழுதியோ சொல்லியோ இருந்தால், சந்தை விலையைக் காட்டி வாதிட முடியாது. தராசில் எடையளவு முத்திரை இருக்கிறதா, தண்ணீரை வடித்து, கூடையின் எடையைக் கழித்து நிறுக்கிறார்களா என்பதை மட்டும் பாருங்கள். உயிர்மீனுக்கும் பதப்படுத்தாத மீனுக்கும் ஜிஎஸ்டி இல்லை.

சொந்தத் தூண்டிலை அனுமதிப்பார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் ஆறு அல்லது ஏழடி ஃபைபர்கிளாஸ் கம்பே போதும். கார்பன் கம்பு எடை குறைவு என்றாலும், பழகாத கையில் நுனி எளிதில் ஒடியும். இணையத்தில் வாங்குவதாயின், உற்பத்தியான நாடும், இறக்குமதியாளர் முகவரியும், அதிகபட்ச சில்லறை விலையும் காட்டாத பொருளைத் தவிர்த்துவிடுங்கள். தூண்டில் நூலைச் சுற்றும் ரீல் கெட்டுப்போனால் யாரிடம் போவது என்பது அந்த முகவரியால்தான் தெரியும்.