முன்பணம் கொடுத்தாலே கொத்தடிமையா?

கேள்வி: பேரணாம்பட்டில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறேன். ஒரு மேஸ்திரி ஒடிசாவிலிருந்து 14 பேரை அழைத்துவந்தார். தலைக்கு 15,000 ரூபாய் முன்பணம் அவர் கையில் கொடுத்தேன். அதில் ஒரு பையன், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போகிறேன் என்கிறான். வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பாக்கியைக் கழித்துவிட்டுப் போகட்டும் என்று மேஸ்திரி தடுக்கிறார். எல்லாருடைய ஆதாரும் ஏடிஎம் கார்டும் அவரிடம்தான் இருக்கின்றன. இந்த நேரம் பார்த்து, எனக்கு வேலை தரும் கம்பெனி 'நவீன அடிமைமுறை' பற்றி ஒரு படிவம் அனுப்பியிருக்கிறது. அவர்களிடம் ஷூ வாங்கும் லண்டன் பையர் கேட்கிறாராம். 40,000 ரூபாய் கொடுத்தால் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒரு கன்சல்டன்ட் சொல்கிறார். முன்பணம் கொடுத்தது குற்றமா?

பதில்: முன்பணம் கொடுத்தது குற்றமில்லை. அந்தப் பையனைப் போகவிடாமல் வைத்திருப்பதுதான் குற்றம். இன்று சாயங்காலம் அவன் பையைத் தூக்கிக்கொண்டு காட்பாடி ஸ்டேஷனுக்குப் போக முடியுமா? முடியாது என்றால் உங்கள் பட்டறையில் கொத்தடிமை முறை இருக்கிறது. நீங்கள் நல்லவரா, மூன்று வேளை சோறு போடுகிறீர்களா என்றெல்லாம் சட்டம் பார்க்காது.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் சொல்வது இவ்வளவுதான். வாங்கிய கடனுக்காக ஒருவர் வேறு வேலைக்குப் போக முடியாமல் இருந்தாலோ, இஷ்டப்படி வெளியே போய்வர முடியாமல் இருந்தாலோ, குறைந்தபட்சக் கூலிகூடக் கிடைக்காமல் இருந்தாலோ அது கொத்தடிமை முறை. மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டியதில்லை, ஒன்று போதும். அப்படி ஆகிவிட்டால் அந்தக் கடன் சட்டப்படி செத்துப்போனது. பையனே மனமுவந்து திருப்பித் தந்தாலும் நீங்கள் வாங்கக் கூடாது. வாங்கினால் மூன்று வருடம்வரை சிறை. 'இது அந்த மாதிரிக் கடன் இல்லை' என்று நிரூபிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவர் தலையில்தான் இருக்கிறது.

மேஸ்திரி விஷயத்துக்கு வருகிறேன். இருபது வருடமாக வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் நான் பார்த்துவரும் வழக்குகளில் பாதி, ஒரு மேஸ்திரியின் நோட்டில் தொடங்கியவை. ஒரு சூளைக்காரரின் வழக்கில் அப்படி ஒரு நோட்டு கைக்கு வந்தது. நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு, அட்டையில் முருகன் படம். முதல் வரியில் 8,000. அதன் கீழே 'காய்ச்சல் 300', 'திருவிழா 1,000', 'அரிசி 650', 'லேட் 200'. வரவுப் பக்கத்தில் எதுவும் இல்லை. இரண்டு வருடம் செங்கல் அறுத்த குடும்பத்துக்குக் கடைசி வரியில் 23,000 பாக்கி. அதன் பக்கத்தில் ஒரு கைநாட்டு. அது என்ன கணக்கு என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. சூளைக்காரருக்கும் தெரியாது, அவர் அந்த நோட்டைத் திறந்து பார்த்ததே இல்லை. வழக்கு என்னவோ அவர் பேரில்தான் வந்தது. நீங்கள் கொடுத்த 15,000-இல் அந்தப் பையன் கைக்கு எவ்வளவு போனது என்று அவனையே கேளுங்கள், மேஸ்திரி பக்கத்தில் இல்லாதபோது.

கார்டுகளை இன்றைக்கே வாங்கி அவரவர் கையில் கொடுங்கள். 'பத்திரமாக வைத்திருக்கிறேன்' என்ற கதையெல்லாம் வேண்டாம். சம்பளம் நேராக அவரவர் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். மேஸ்திரிக்குக் கமிஷன் வேண்டுமானால் உங்களிடம் தனி பில் போட்டு வாங்கிக்கொள்ளட்டும். தொழிலாளியின் கூலியில் ஒரு பைசா பிடிக்கக் கூடாது.

அப்படியானால் முன்பணத்தைத் திரும்ப வாங்கவே வழியில்லையா என்பீர்கள். ஆளைப் பிடித்து வைக்காத முன்பணத்துக்கு உண்டு, ஒரு சின்ன வாசல்தான். வேலைக்குச் சேருமுன் கொடுத்த முன்பணத்தை, முதல் முழுச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்கிறது ஊதியச் சட்டம். அப்போதும் மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஆனால் பயணச் செலவுக்கென்று கொடுத்த முன்பணத்தைப் பிடிக்கவே கூடாது. இதை நம் ஆட்கள் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. ரயில் டிக்கெட், வழியில் சாப்பாடு, காட்பாடியிலிருந்து உங்கள் ஊருக்கு வந்த வேன் வாடகை எல்லாம் உங்கள் செலவு. பதினைந்தாயிரத்தில் டிக்கெட் காசும் அடங்கியிருந்தால் அந்தப் பகுதியை இப்போதே எழுதிக் கழித்துவிடுங்கள். 'பாதியில் போகிறானே, டிக்கெட் காசையாவது தரட்டும்' என்றால் அதுவும் செல்லாது. மிச்சப் பணம் வேண்டுமா, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள். அதற்காகக்கூட ஆளைப் பிடித்து வைக்க முடியாது.

படிவத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிரிட்டனில் 2015-இல் வந்த நவீன அடிமைமுறைச் சட்டத்தால் வந்தது அது. வருடத்துக்கு 3.6 கோடி பவுண்டுக்குக் குறையாமல் வியாபாரம் செய்யும் நிறுவனங்கள், தங்கள் சரக்கு வரும் வழியில் அடிமைமுறை இல்லாமல் பார்க்க என்ன செய்தோம் என்று ஆண்டுதோறும் அறிக்கை விட வேண்டும். அந்தக் கேள்வி பெரிய கம்பெனி வழியாக இறங்கி உங்கள் மேஜைக்கு வந்திருக்கிறது. ஜோடிக்கு இரண்டு ரூபாய் ஏற்றித் தரச் சொன்னால் மூச்சுவிடாதவர்கள் பன்னிரண்டு பக்கப் படிவம் மட்டும் தவறாமல் அனுப்புவார்கள், அது வேறு எரிச்சல்.

சான்றிதழ் என்று அந்தச் சட்டத்தில் ஒன்று கிடையாது, நம் நாட்டுச் சட்டத்திலும் கிடையாது. கன்சல்டன்ட் தரப்போவது ஹாலோகிராம் ஒட்டிய வெறும் காகிதம். படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று எழுதச் சொல்வார், அதைத்தான் செய்யாதீர்கள். மேஸ்திரியிடம் கார்டுகள் இருந்தன, இன்ன தேதியில் திருப்பிக் கொடுத்தோம் என்று உள்ளதை எழுதுங்கள். விவரம் தெரிந்த பையர் அதைத்தான் நம்புவார்.

யாராவது புகார் கொடுத்தால் குடியாத்தம் ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரிப்பார். கண்காணிப்புக் குழு என்று ஒன்றும் சட்டத்தில் இருக்கிறது. அது எப்போது கூடுகிறது என்பதை அலுவலகப் பலகையில் தேடிப் பாருங்கள். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை மீட்டார்கள். சட்டம் வந்து 43 வருடம் கழித்து! கொத்தடிமையாக வேலை வாங்கினால் மூன்று வருடம்வரை சிறை, அபராதமோ 1976-இல் எழுதிய அதே 2,000 ரூபாய். நீங்கள் தைக்கும் அப்பர் லண்டன் கடையில் ஷூவாக நிற்கும்போது ஒற்றைச் செருப்பு அதைவிட அதிக விலைக்குப் போகும்.

சரி, உங்கள் வேலை இது. பையனின் கணக்கை இரண்டு வேலை நாளுக்குள் தீருங்கள். அவன் படிக்கக்கூடிய எழுத்தில் ஒரு சீட்டும் கொடுங்கள். அவனை ரயிலேற்றிவிட்டு, அப்புறம் உட்கார்ந்து படிவத்தை நிரப்புங்கள்.